மெங்காவின் இரண்டு மிக்கேல் நாள்கள்

மெங்காவுக்கு வருஷத்தில் இரண்டு கிறிஸ்துமஸ். கடைசிக் காலத்தில் இரண்டிலும் அவள் தனியாகத்தான் சாப்பிட்டாள்.

இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எங்கள் சம்ப்ராவ் மலைக்கிராமத்தில் கோயில் ஒன்று, மணி ஒன்று, சபை இரண்டு. காலையில் கத்தோலிக்கரின் பூசை நடக்கும். அது முடிந்ததும் பீடத்தின் முன்னால் ஒரு திரையை இழுத்து மூடிவிட்டு, அதே கோயிலில் சீர்திருத்த சபைக்காரர்களின் ஆராதனை நடக்கும். அந்தத் திரையை இழுப்பவன், மணி அடிப்பவன், பெஞ்சு துடைப்பவன் எல்லாம் நான்தான். பெயர் ரிஷ். கோயில்பிள்ளை. பிறப்பால் சீர்திருத்த சபைக்காரன். இரண்டு சபையும் சேர்ந்து எனக்குப் படியளந்தன, இரண்டு சபையும் சேர்ந்துதான் திட்டின.

கோயிலையாவது எப்படியோ பங்கு போட்டுக்கொண்டார்கள். நாள்களைப் பங்கு போட்டுக்கொள்ள முடியவில்லை. என் பாட்டன் பிறப்பதற்கும் முன்னால் ரோமில் ஒரு போப்பாண்டவர், பழைய நாட்காட்டி தப்பு என்று சொல்லிப் புதிதாக ஒன்று போட்டாராம். கத்தோலிக்கர் ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் ஆட்களோ, சூரியனே இறங்கி வந்து சாட்சி சொன்னாலும் போப்பின் தேதியை ஏற்க மாட்டோம் என்று பழையதிலேயே நின்றுவிட்டார்கள். ஞாயிறு எல்லோருக்கும் ஞாயிறுதான். தேதி மட்டும் வேறு. அவர்களுக்கு ஒரு திருநாள் வந்து போய்ப் பதினொரு நாள் கழித்து எங்களுக்கு அதே திருநாள் வரும். அவர்கள் திருநாளன்று நாங்கள் வேண்டுமென்றே வயலுக்குச் சாணம் சுமப்போம், காற்று அவர்கள் ஊர்வலத்துப் பக்கம் அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. எங்கள் கிறிஸ்துமஸ் ஜெபத்தின்போது அவர்கள் கோயில் சுவருக்கு வெளியே விறகு பிளப்பார்கள். நானும் சாணம் சுமந்தவன்தான். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

மெங்கா கத்தோலிக்கப் பெண். லூட்ஸி என்ற மரம்வெட்டி எங்கள் சபை ஆள். இந்த இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போனது ஊரில் யாருக்கும் பிடிக்கவில்லை. மெங்காவின் வீட்டார் கல்யாணத்தோடு அவளைத் தலைமுழுகினார்கள். லூட்ஸியின் தாய் சாகும்வரை மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அந்தப் பக்கத்துப் பொம்பளை' என்றுதான் சொல்வாள்.

இப்படிப்பட்ட கல்யாணங்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்பிள்ளை அப்பன் சபைக்கு, பெண்பிள்ளை தாய் சபைக்கு. மெங்காவுக்குப் பிறந்தது ஒரே பையன். கவுடென்ஸ். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வெளியே வரும்போது அப்பனும் பிள்ளையும் உள்ளே நுழையக் காத்திருப்பார்கள். ஊர் பார்க்க அந்தக் குடும்பம் சேர்ந்து நின்றது அந்த வாசல்படியில் மட்டும்தான். அவள் பையனின் சட்டையை இழுத்துச் சரிசெய்வாள், மூக்கைத் துடைப்பாள், முதுகில் கைவைத்து உள்ளே அனுப்புவாள். அப்புறம் தனியாக வீட்டுக்கு நடப்பாள். திரையை இழுத்துக்கொண்டே நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

பையனுக்கு இதெல்லாம் கொண்டாட்டம். "எங்க வீட்ல ரெண்டு கிறிஸ்துமஸ், தெரியுமா? அம்மா நாள் ஒண்ணு, அப்பா நாள் ஒண்ணு. ரெண்டுலயும் பேரிக்காய் ரொட்டி!" என்று தெருவில் பீற்றிக்கொள்வான். ஈஸ்டர், செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் நாள், மார்ட்டின் நாள் எல்லாவற்றுக்கும் அவன் வைத்திருந்த பெயர் அதுதான். அம்மா நாள், அப்பா நாள்.

அவனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது லூட்ஸி மேல் ஒரு தேவதாரு மரம் சாய்ந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் எங்கள் பாதியில் அடக்கம் செய்தோம். இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு வரிசைக் கல் உண்டு. மெங்கா அந்தக் கல் வரிசைக்கு அந்தப் பக்கம் நின்றபடிதான் கணவனின் குழியைப் பார்த்தாள். தாண்டி வா என்று எங்கள் பாஸ்டரும் சொல்லவில்லை, தாண்டிப் போ என்று அவர்கள் சாமியாரும் சொல்லவில்லை.

பிழைப்புக்கு நான்தான் வழி சொன்னேன். கோயில் துணிகளைத் துவைக்க ஆள் தேவைப்பட்டது. கத்தோலிக்கப் பெண்கள் எங்கள் இராப்போஜனத் துணியை, அப்பமும் ரசமும் வைக்கும் மேசை விரிப்பை, தொட மாட்டார்கள். எங்கள் பெண்கள் அவர்கள் பீடத் துணியைத் தொட மாட்டார்கள். மெங்கா ஒருத்திதான் இரண்டையும் தொடக்கூடியவள், இரண்டு பக்கமும் அவளை ஏற்கெனவே கெட்டுப்போனவளாக வைத்திருந்ததால். திங்கட்கிழமை நான் துணி மூட்டையைக் கொண்டுபோவேன், வெள்ளிக்கிழமை வாங்கப் போவேன்.

"உங்க ஆளுங்க திராட்சை ரசத்தைக் குடிக்கிறாங்களா, துணியில ஊத்துறாங்களா?" என்பாள்.

"உங்க ஆளுங்க மெழுகுவத்தியைக் கொளுத்துறாங்களா, தின்னுட்டுத் துப்புறாங்களா?" என்பேன்.

இப்படி ஒரு நாழிகை போகும். அந்த ஒரு நாழிகையைத் தவிர ஊரில் அவளோடு உட்கார்ந்து பேசுகிறவர் யாரும் கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்ததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, ஏதோ நான் பெரிய தர்மவான் மாதிரி.

பதினெட்டு வயதில் கவுடென்ஸ் பிரெஞ்சு ராஜாவின் பட்டாளத்தில் சேர்ந்து போனான். எங்கள் மலைகளில் இளவட்டங்களுக்கு அப்போது இருந்த வழி அதுதான். வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். மெங்காவுக்கு எழுத்து தெரியாது. நான்தான் படித்துச் சொல்வேன். 'நலம், குளிர், ரொட்டி கெட்டி' என்று மூன்று வரி எழுதுவான். அதை என்னிடம் நான்கு தரம் படிக்கச் சொல்வாள்.

அவன் போய்ப் பத்தாவது வருஷம், கோடைக் கடைசியில் அந்தக் கடிதம் வந்தது. துவைக்கும் கல்லில் அவள் உட்கார்ந்திருக்க, நின்றபடியே படித்தேன்.

'அம்மா, ஆள் சேர்க்க வரும் எங்கள் கேப்டனோடு நானும் கூர் நகரத்துக்கு வருகிறேன். மிக்கேல் நாளன்று அங்கே இருப்பேன். ஊர்வரைக்கும் வர எனக்கு அனுமதி இல்லை. மேல்வாசலுக்குப் பக்கத்தில் கரடிச் சத்திரம் இருக்கிறது. அங்கே வந்துவிடு. உன்னைப் பார்த்துப் பத்து வருஷம் ஆகிறது.'

அவள் ஈரக் கையை முகத்தில் வைத்துக்கொண்டாள். எடுத்ததும் கேட்டது இதுதான்.

"எந்த மிக்கேல், ரிஷ்?"

"இதென்ன கேள்வி? நம்ம மிக்கேல்தான்."

"நம்மன்னா? உன் மிக்கேலா, என் மிக்கேலா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அக்கா, அவன் எந்தச் சபை? எங்க சபை. கூர் யாரு ஊரு? மேட்டு மேல இருக்குற பிஷப் அரண்மனையை விட்டுட்டா, மொத்தமும் எங்க ஊரு. அப்புறம் எங்கேர்ந்து வரும் உன் மிக்கேல்?"

"சின்னதுல எங்கிட்டப் பேசுறப்ப அவன் அம்மா நாள்லதான் பேசுவான்."

"அப்ப அவனுக்கு ஆறு வயசு. இப்பத் துப்பாக்கி தூக்குறவன். இன்னும் உன் மடியிலயா உட்கார்ந்திருக்கான்?"

அவள் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டே, "என் மிக்கேலுக்கே கிளம்பிப் போயிடுறேன். அன்னிக்கு வரலைன்னா, உங்க மிக்கேல் வரைக்கும் அங்கேயே கிடக்குறேன்" என்றாள்.

"பதினொரு நாளா? ஆட்டை யாரு பார்ப்பா?"

"உன் பொஞ்சாதி பார்லாவைக் கேட்டா பார்த்துக்க மாட்டாளா?"

பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்டிருந்தால் மறுத்திருக்க மாட்டாள். ஆனால் இடையில் எங்கள் இலையுதிர்கால இராப்போஜனம் வந்தது. பெரிய துணி நான்கையும் துவைத்துக் கஞ்சி போட்டாக வேண்டும். மெங்கா பதினைந்து நாள் ஊரில் இல்லையென்றால் அழுக்குத் துணியோடு நான் பாஸ்டரின் முகத்தில் விழிக்க வேண்டும்.

"வீண் அலைச்சல், அக்கா. நான் சொல்றேன்ல? இந்த ஊர்ல ரெண்டு கணக்கும் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். எங்க மிக்கேலுக்குப் போ" என்றேன்.

அவள் கடிதத்தை வாங்கி இடுப்புத் துணிக்குள் வைத்துக்கொண்டு துவைக்க ஆரம்பித்தாள்.

அவளுடைய மிக்கேல் நாள் வந்தது. பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் அவள் வாசல்படியிலேயே நின்றாள், கூருக்குப் போகும் பாதையைப் பார்த்துக்கொண்டு. காலில் கொழுப்புத் தடவிய பெரிய செருப்பு. மலை தாண்டும்போது மட்டும் போடுவது.

"எங்கே கிளம்பிட்டே?"

"எங்கேயும் இல்லை. மனசு ஒரு மாதிரி இருக்கு. இந்நேரம் அவன் உட்கார்ந்திருந்தா?"

"அவன் இன்னும் பாதி வழியிலகூட இருக்க மாட்டான். போ, துணி காஞ்சுதான்னு பாரு."

போனாள். துணியும் எடுத்து வைத்தாள். அந்த வருஷம் இராப்போஜனத் துணி பனி மாதிரி வெளுத்திருந்தது என்று பாஸ்டர் என்னைப் பாராட்டினார்.

எங்கள் மிக்கேல் நாளுக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு பேரிக்காய் ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவள் கூருக்கு நடந்தாள். கணவாயில் அதற்குள் பனி விழ ஆரம்பித்திருந்தது. ஆறாம் நாள் திரும்பி வந்தாள். நான் அவள் வீட்டு வாசலிலேயே காத்திருந்தேன்.

"பார்த்தியா அக்கா? எப்படி இருக்கான்? மீசை கீசை வச்சிருக்கானா?"

"பார்க்கலை, ரிஷ்."

"என்னது? வரலையா?"

அவள் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு வேறு பதில் தேவைப்படவில்லை.

"பெத்த தாயை இந்தப் பனியில நடக்க வச்சிட்டு வராம இருந்துட்டானா? கேப்டன் கூட எங்கேயாவது குடிச்சிட்டுக் கிடந்திருப்பான், நன்றி கெட்டவன்!"

"திட்டாதே, ரிஷ்."

"திட்டாம? ஊரைக் கூட்டிக் கொஞ்சச் சொல்றியா?"

"திட்டாதேன்னா திட்டாதே" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் திட்டினேன். மணி அடிக்கும் இடத்தில், மாவு அரைக்கும் இடத்தில், சபைக்கூட்டத்தில், எல்லா இடத்திலும் சொன்னேன், கவுடென்ஸ் தாயை ஏமாற்றியவன் என்று. எங்கள் ஆட்கள், "அந்தப் பக்கத்து ரத்தம் பாதி ஓடுதே" என்றார்கள். அவர்கள் ஆட்கள், "வேதத்தை விட்ட கூட்டத்துப் புத்தி" என்றார்கள். அந்த ஒரு விஷயத்தில் ஊரே என் பேச்சை ஏற்றுக்கொண்டது.

குளிர்காலம் முடிந்ததும் வண்டிக்காரன் என்னிடம், "மெங்காவுக்குக் கடுதாசி கொண்டாந்தேனே, மவன் என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டான். எனக்கு ஒன்றும் தெரியாது. விசாரித்தால், அவள் அந்தக் கடிதத்தைக் கத்தோலிக்கரின் சாமியாரிடம், அந்தத் தாடிக்காரக் கப்புச்சின் துறவியிடம் கொண்டுபோய்ப் படிக்கக் கேட்டிருக்கிறாள். பதிலும் அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து வருஷமாக நான் படித்தேன். ஒரு கடிதத்தை நான்கு தரம் படித்தேன். கடைசியில் ரத்தம் தன் தொழுவத்தைத்தானே தேடிப் போகிறது என்று நினைத்தேன். ஒரு மாசம் அந்தப் பக்கமே போகவில்லை. துணி மூட்டையைப் பார்லாவிடம் கொடுத்து அனுப்பினேன்.

மூன்றாவது வாரம் பார்லா திரும்பி வந்து சொன்னாள். "அந்தம்மா ஆட்டுக்கிட்ட உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்குய்யா. கேள்வி கேட்டு, பதிலும் அதுவே சொல்லுது. என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கிச்சு. உனக்கு இருக்குற வீம்புக்கு ஒரு அளவே இல்லையா?"

அடுத்த திங்கட்கிழமை நானே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் எதுவும் கேட்கவில்லை. "உள்ளே வா, வாசல்ல குளிரு" என்றாள். எனக்கு முன்னால் பாலை வைத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த வருஷம் பட்டாளத்திலிருந்து ஊர்த்தலைவருக்கு ஓலை வந்தது. கவுடென்ஸ் காய்ச்சலில் இறந்துவிட்டான், கடற்கரையில் ஏதோ ஒரு கோட்டையில். மெங்கா முதலில் சாமியாரிடம் போனாள். இறந்தவன் சீர்திருத்த சபைக்காரன், அவனுக்குப் பூசை வைக்க முடியாது என்றார். எங்கள் பாஸ்டரிடம் போனாள். எங்கள் சபையில் செத்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் இல்லை என்றார். இரண்டு பேரும் பாவம், தப்பாக எதுவும் சொல்லிவிடவில்லை. அவரவர் புத்தகத்தில் இருப்பதைச் சொன்னார்கள்.

"மணியாவது அடிப்பியா?" என்று என்னிடம் கேட்டாள்.

உடல் இல்லாமல் சாவு மணி அடிக்கக் கூடாது. இரண்டு சபையும் ஒத்துப்போன ஒரே சட்டம் அதுதான். நான் கோபுரத்தில் ஏறி, மணிக்கயிறு புதிது, பழக்கிப் பார்க்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, இருபத்தொன்பது தரம் இழுத்தேன். அவனுக்கு வயது இருபத்தொன்பது. கீழே, கல் வரிசைக்கு அந்தப் பக்கம் மெங்கா நின்று எண்ணினாள்.

அப்புறம் காலம் அதன்பாட்டுக்கு உருண்டது. பிரெஞ்சுக்காரர்கள் ராஜாவின் தலையை வெட்டினார்கள். பிறகு எங்கள் மலைக்கே படையோடு வந்தார்கள். அவர்களை விரட்ட ஆஸ்திரியாக்காரர்கள் வந்தார்கள், மறுபடி பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். யார் வந்தாலும் கோயிலில் குதிரையைக் கட்டினார்கள். பாஸ்டரும் சாமியாரும் என் வைக்கோல் பரணில் ஒன்றாக ஒளிந்துகொண்டு, அன்றைக்குத் தேதி என்ன என்று கிசுகிசுவென்று சண்டை போட்டார்கள். நூற்றாண்டு திரும்பியபோது இரண்டு நாட்காட்டிக்கும் இருந்த பதினொரு நாள் இடைவெளி பன்னிரண்டு ஆனது. பார்லா போய்ச் சேர்ந்தாள். மெங்காவின் முதுகு வளைந்தது. துணி மட்டும் வெள்ளையாகவே வந்துகொண்டிருந்தது.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. வருஷந்தோறும் தன் மிக்கேல் நாளன்று அவள் கூர் பாதை திரும்பும் இடத்தில் போய் ஒரு நாழிகை நிற்பாள். எங்கள் மிக்கேல் நாளன்றும் போய் ஒரு நாழிகை நிற்பாள். "வராதவனுக்கு எத்தனை தரம்தான் காத்து நிப்பே?" என்று நான் பல தடவை கடிந்திருக்கிறேன். கேட்டுக்கொண்டே துணியை எண்ணிக் கொடுப்பாள்.

போன வருஷக் கடைசியில் கூர் பெரிய அவையிலிருந்து உத்தரவு வந்தது. இனி நாடு முழுவதும் ஒரே நாட்காட்டி. புதியதுதான். எந்த ஊரும் வேறு தேதி வைத்துக்கொள்ளக் கூடாது. கோயில் வாசலில் நின்று நான்தான் படித்தேன். இருநூறு வருஷமாகக் கர்த்தரின் பெயரால் பிடித்துவைத்திருந்ததை அரசாங்கம் ஒரு தாளில் முடித்துவிட்டது. எங்கள் ஆட்கள் கொதித்தார்கள்.

"நம்ம ஆயுசுலேர்ந்து பன்னிரண்டு நாளைத் திருடிட்டானுங்க!"

"என் பொஞ்சாதி பன்னிரண்டு நாள் முந்தியே கிழவியாயிடுவாளே!"

"அவ அதுக்கு உத்தரவு வர்ற வரைக்கும் காத்திருந்தாளாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை துணி வாங்கப் போனபோதும் அதே எரிச்சலோடுதான் போனேன்.

"கேட்டியா அக்கா? எங்க நாளையெல்லாம் அழிச்சிட்டாங்க. இனிமே உங்க நாள்தானாம்."

அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள். "அப்ப உங்க மிக்கேல் இனிமே கிடையாதா?"

"கிடையாது."

"என்னோடது மட்டும்தானா?"

"அதைத்தானே சொல்றேன்."

எழுந்து உள்ளே போனாள். வர வெகுநேரமானது. கையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. மடிப்பில் கிழிந்து, பழுத்துப்போயிருந்தது.

"இதைப் படி" என்றாள்.

கவுடென்ஸின் கையெழுத்து. சாமியாரிடம் கொண்டுபோன அந்தக் கடிதம்.

'அம்மா, மிக்கேல் நாளன்று காலையிலிருந்து கரடிச் சத்திரத்தில் உட்கார்ந்திருந்தேன். கேப்டனிடம் கெஞ்சி இன்னும் ஒரு நாள் கேட்டு வாங்கினேன். இரண்டு நாளும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு எழுதுவதால் உன் மிக்கேலைத்தான் சொன்னேன். நீ வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?'

இரண்டாம் தரம் படிக்க என்னால் முடியவில்லை. பிரெஞ்சு ராஜா கத்தோலிக்கர். அவர் பட்டாளத்தில் எந்த நாட்காட்டி நடக்கும் என்று எங்கள் ஊர் ஆடுகூடச் சொல்லியிருக்கும். அம்மா நாள் என்று அவளும் சொன்னாளே. துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டு, தெளிவாகச் சொன்னாளே. நான்கு துணிக்குக் கஞ்சி போட வேண்டும் என்று நான் அவள் வாயை அடைத்தேன்.

"சத்திரத்துலயே தெரிஞ்சுடுச்சு" என்றாள் மெங்கா. "பதினொரு நாளைக்கு முன்னாடி ஒரு பட்டாளத்துப் பையன் வந்து, இந்த பெஞ்சிலதான் உட்கார்ந்திருந்தான்னு சத்திரத்துக்காரம்மா காட்டிச்சு. நானும் அதே பெஞ்சில கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வந்தேன்."

மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"அவன் காத்திருந்ததுக்கு என் மிக்கேல்ல போய் நிப்பேன். நான் நடந்து போனதுக்கு உங்க மிக்கேல்ல போய் நிப்பேன். இப்ப நான் போன நாளை அழிச்சிட்டாங்க. அவன் காத்திருந்த நாள் மட்டும் மிச்சம் இருக்கு. அதை ஒண்டியா வச்சுக்க முடியலை, ரிஷ். அதான் காட்டினேன்."

"ஏன் அக்கா சொல்லலை?" என்றேன். "முப்பத்திரண்டு வருஷமா அவனைத் திட்டினேனே. ஊர் பூராவும் திட்ட வச்சேனே. கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?"

"திட்டாதேன்னு சொன்னேனே."

"காரணம் சொன்னியா?"

அவள் என் கையிலிருந்த தாளை வாங்கி, பழைய மடிப்பிலேயே கவனமாக மடித்தாள்.

"சொல்லியிருந்தா, அடுத்த வெள்ளிக்கிழமை நீ வந்திருப்பியா?"

மடித்து வைத்த துணிகளை நான் ஒவ்வொன்றாக எண்ணினேன்.

"ஒரு கடுதாசியைச் சாமியார்கிட்டக் கொடுத்ததுக்கே ஒரு மாசம் வரலை நீ. இதைச் சொல்லியிருந்தா வெட்கத்துலயே நின்னுபோயிருப்பே. புள்ளையைத்தான் பார்க்க முடியலை. உன்னையும் விட்டுட்டு நான் யாருகிட்டப் பேசுவேன்?"

வந்திருக்க மாட்டேன். அதுதான் உண்மை. துணியைப் பார்லாவிடம் கொடுத்தனுப்பிவிட்டு, தெருவில் அவளைக் கண்டால் வேறு சந்தில் திரும்பியிருப்பேன். என்னைப் பெற்றவளுக்குக்கூட என்னை அவ்வளவு தெரியாது.

அன்றைக்கு இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேனா என்று யாராவது கேட்டால், கேட்டேன். "துணியை எடுத்துக்கோ, மறந்துட்டுப் போயிடாதே" என்பதுதான் அவள் சொன்ன பதில்.

இந்தக் கோடையில் மெங்கா போய்ச் சேர்ந்தாள். கத்தோலிக்கர் பாதியில், கல் வரிசையை ஒட்டினாற்போல் குழி வெட்டச் சொன்னேன். லூட்ஸிக்கு அதைவிடப் பக்கத்தில் இடம் கிடையாது.

செப்டம்பரில் ஊருக்கே ஒரு மிக்கேல் நாள் வந்தது. முதல் தடவையாக இரண்டு சபைக்கும் ஒரே தேதியில் மணி அடித்தேன். அடித்துவிட்டுக் கூர் பாதை திரும்பும் இடத்துக்குப் போய் ஒரு நாழிகை நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கணவாய்வரை பாதை தெரிகிறது. யாரும் வரவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து மறுபடியும் போனேன். இப்போது அந்தத் தேதிக்குப் பெயர் எதுவும் இல்லை. நான் கிளம்புவதைப் பார்த்த பாஸ்டர், "இன்னிக்கு என்ன நாள், ரிஷ்?" என்று கேட்டார். மெங்கா போன நாள் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர் அவளுடைய சாவைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, கணக்கு ஒத்துவராமல் விழித்தபடி நின்றார்.